காட்டாற்றுக்கு வத்தம் இல்லை

எங்கள் குப்பத்தில் பாடு என்றால் பாட்டு இல்லை. படுகிற பாடும் இல்லை. அல்லது அதுவும்தான், ஆனால் அதற்கு நாங்கள் வேறு சொற்களை வைத்திருக்கிறோம். பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம், வலை வைத்திருக்கும் வீடுகள் நிறைய. ஆகவே இன்ன இடம், இன்ன நாள், இன்னாருக்கு என்று சீட்டுக் குலுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நாள் வந்தால் அந்த ஆள் போய் நிற்க வேண்டும். சூரியன் கடலை விட்டு மேலே ஏறுவதற்குள் அவன் கால் ஏரித் தண்ணீரில் இருக்க வேண்டும். அண்ணனுக்குப் பதில் தம்பி, அப்பனுக்குப் பதில் மகன் என்பதெல்லாம் எங்களிடம் செல்லாது. காய்ச்சல் என்றால் பொறுப்பார்கள், சாவு என்றால் பொறுப்பார்கள். கம்பெனியில் ஷிப்டு என்றால் பொறுக்க மாட்டார்கள். தொடர்ந்து மூன்று பாடு தவறினால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள்.

என் தம்பி இரண்டைத் தவறவிட்டிருந்தான்.

மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. நைனா போன பிறகு ஏரியில் எங்கள் வீட்டுக்கென்று இருந்தது அவன் பேர் ஒன்றுதான். பெண்கள் பேர் அதில் ஏறாது. என் பேர் ரேஷன் கார்டில் இருக்கிறது, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, ஏரியில் இல்லை.

அந்த மூன்றாவது பாட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நானும் அவனும் ஆனைமலையின் மழைக்காட்டுக்குள், ஒரு காட்டாற்றின் தப்பான கரையில் மாட்டிக்கொண்டோம். அவனை அங்கே கூட்டிப்போனவள் நான்.

எனக்குக் காலில் சக்கரம் என்று ஊரில் சொல்வார்கள். சக்கரம் இருந்து என்ன, ஓடுவதற்குத் தரை வேண்டாமா? கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் கோடு கிழித்த மாதிரி மணல். அந்தக் கோட்டின் மேல் நாற்பத்தாறு வருஷம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கையை விரித்து நின்று, எவ்வளவு திறந்த இடம், எவ்வளவு காற்று என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுவர் தண்ணீரில் கட்டியிருந்தால் அது சுவர் இல்லையா என்று நான் நினைத்துக்கொள்வேன். காலையில் ஏலக்கூடத்தில் இறாலைத் தரம் பிரிப்பேன், மத்தியானம் கடல் பக்கம் நடப்பேன், சாயங்காலம் ஏரிப் பக்கம் நடப்பேன். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நின்று திரும்ப வேண்டியிருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். பூநாரை பார்க்க வருகிறவர்களை நீங்களே படகில் கூட்டிப்போய்க் காட்டலாம், இன்ஜின் சத்தத்தைக் குறைத்து, பறவையைக் கலைக்காமல், அதற்குப் பழக்கித் தருகிறோம் என்றார்கள். நைனாவின் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. நான் பேர் கொடுத்தேன். படகுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவருக்கு இன்ஜின் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். தம்பி பேரையும் கொடுத்தேன். மலைக்காட்டில் அங்குள்ள ஜனங்களே வழிகாட்டிகளாக இருந்து காட்டைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். முதலில் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எங்கள் ஊரிலிருந்து ஆறு பேரை அனுப்பினார்கள்.

“வியாழக்கிழமை எனக்குப் பாடுக்கா,” என்றான் தம்பி.

“புதன் காலைல ஊருக்கு வந்துரப்போறோம். இன்னாத்துக்குடா பயப்படறே?”

“பயம் இல்ல. ரெண்டு பூட்டுச்சி. இது மூணாவது.”

“தெரியும்டா,” என்றேன். தெரிந்துதான் இருந்தது.

*

காட்டுக்குள் நுழைந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “மானம் எங்கக்கா?” என்பது. அண்ணாந்து பார்த்தேன். வானம் இல்லை. இலைக்கு மேல் இலை, அதற்கும் மேல் இலை, எங்கேயோ உச்சியில் காசு காசாக வெளிச்சம். எங்கள் பக்கம் மழைக்காலம் இன்னும் தொடங்காத மாதம். அங்கே மழை என்பது ஒரு காலம் இல்லை, காற்றுக்குப் பதில் அதுதான் இருந்தது. பாசி பிடித்த மரம், மரத்தின் மேல் செடி, செடியின் மேல் பூ, பூவின் மேல் சொட்டு. எதுவும் தன் காலில் தனியாக நிற்கவில்லை. எல்லாம் ஒன்றின் தோளில் இன்னொன்று.

“மூஞ்சில ஈரத்துணி போட்டு மூடினாமாரி கீது,” என்றான் தம்பி. எங்கே பார்த்தாலும் பத்தடி தூரத்தில் பார்வை முட்டிக்கொண்டு நின்றது. தூரத்தைப் பார்த்தே வளர்ந்தவன். கடலில் போனாலும் ஏரியில் போனாலும் மேகத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து, கரையில் இருக்கும் பனையைப் பார்த்து எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறவன். அங்கே அவன் கண் போக இடமில்லாமல் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

எனக்கோ மூச்சு வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. போன் அடிக்காத இடம் அது. யாராலும் கூப்பிட முடியாத இடத்தில் அதுவரை நான் நின்றதில்லை.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு மலைக்காரப் பெண், என் வயதிருக்கும். பச்சைச் சட்டை, இடுப்பில் கத்தி, ரப்பர் செருப்பு. எங்களுக்கெல்லாம் அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணி உறை கொடுத்தாள், அவள் போட்டுக்கொள்ளவில்லை. இருவாச்சி பறந்தால் அதைப் பார்க்கும் முன்பே, அதோ என்பாள். அதன் சிறகு காற்றைக் கிழிக்கும் சத்தம் ரயில் வருகிற மாதிரி முதலில் வரும், பறவை பிறகுதான் வரும்.

தம்பியும் நானும் வியாழக்கிழமைப் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தது அவள் காதில் விழுந்திருக்கிறது.

“உங்க தம்பி பாடுவாரா, அக்கா? எந்தக் கோயில்ல?”

எங்களோடு வந்திருந்த சித்தப்பா, நைனாவின் கடைசித் தம்பி, நடந்துகொண்டே சிரித்தார். “இவன் பாடினான்னா கீற மீனும் ஓடிப்பூடும்மா.”

நான் முறையைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நடந்தாள். “எங்களுக்குத் தேன் மரம் அப்படித்தான்,” என்றாள். “ஒருத்தர் மரத்த இன்னொருத்தர் தொடமாட்டோம். ஆனா மரம் காத்திருக்கும். உங்க தண்ணி காத்திருக்காது போல.”

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்த ஆற்றைக் கடந்தோம். முழங்கால் ஆழம், கல் கல்லாகத் தெரியும் தண்ணீர். அக்கரையில் ஒரு பெரிய மரத்தையும் அதன் பொந்தில் இருவாச்சிக் கூட்டையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும், இரண்டு மணிக்கு வேன், ராத்திரி கோயம்புத்தூரில் ரயில், புதன் காலை ஊர். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது ஆறு வேறு ஆறாக இருந்தது. செம்மண் நிறம், மார்பளவு, உள்ளே கல் உருளும் சத்தம். எங்கள் மேல் ஒரு தூறல்கூட இல்லை.

“மேல மழ பெய்யுது,” என்றாள் அந்தப் பெண். “இது இன்னைக்கு எறங்காது.”

சித்தப்பா ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டுபோய்த் தண்ணீர் தொடும் விளிம்பில் நட்டார். எங்கள் ஊரில் ஏத்தமா வத்தமா என்று, அதாவது கடல் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று, பார்க்க அப்படித்தான் நடுவோம். நட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏறின தண்ணி எறங்காம எங்கம்மா போவும்? இன்னிக்கி இன்னா திதி? சப்தமியா? அதான். சப்தமி, அஷ்டமித் தண்ணி சோம்பேறித் தண்ணி. மெள்ளமாத்தான் எறங்கும். ஆறு மணி நேரம்னு வச்சிக்க. ஒன்பதுக்கு மேல ஏறிச்சின்னா மூணு மணிக்கு முட்டிக்கால்தான்.”

மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். யாருக்கும் சந்தேகம் இல்லை. நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீர் எதுவும் ஏறிவிட்டு இறங்காமல் இருந்ததில்லை. நாளுக்கு இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். அப்படியொரு ஒழுங்கு தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் நம்பியிருந்தோம், கடலுக்குள் இருக்கிறது என்று அல்ல. தம்பியும் உட்கார்ந்தான். மணி பார்த்தான். மூன்று என்றால் வேன் நமக்காகக் கொஞ்சம் காத்திருக்கும், ரயிலைப் பிடித்துவிடலாம் என்றான்.

அந்தப் பெண் என்னிடம் வந்து, தள்ளி நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அக்கா, மேலே ஏறினா ஒரு மரம் குறுக்கே விழுந்து கெடக்கு. கயிறு கட்டி வச்சிருக்கோம். மூணு மணி நேர நடை. இப்பவே கிளம்பினா நாலு மணிக்குள்ள விடுதிக்குப் போயிரலாம். ஆம்பளைங்க நான் சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க சொல்லுங்க.”

“சொல்றேன்,” என்றேன்.

சொல்லவில்லை.

இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், சித்தப்பா பேச்சை நானும் நம்பினேன் என்று சொல்லலாம். பாதி நம்பியும் இருந்தேன். ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே, அது தெளிவாகக் கணக்குப் போட்டது. இந்தப் பாடு தவறினால் அவன் பேர் போய்விடும். பேர் போய்விட்டால் ஏரியில் அவனுக்குக் கட்டு இல்லை. கட்டு இல்லையென்றால் லீவு நாளில் என் படகுக்கு வருவான். நான் அந்த மணல் கோட்டிலிருந்து வாரம் ஒரு தரமாவது இறங்கித் தண்ணீர்மேல் போய்விட்டு வருவேன். ஒரு பாறைமேல் உட்கார்ந்து, துணி உறையையும் தாண்டிக் காலில் ஏறிய அட்டையைப் பார்த்துக்கொண்டு, இவ்வளவையும் நினைத்தேன். அட்டை கடிப்பது தெரியாது. குடித்து முடித்து விழுந்த பிறகுதான் ரத்தம் நிற்காமல் வரும்.

பன்னிரண்டு மணிக்குக் குச்சி முழுகியது. சித்தப்பா இரண்டாவது குச்சியை மேலே நட்டார். “ஏத்தம் இன்னும் முடியல,” என்றார். ஒரு மணிக்கு அதுவும் முழுகியது. “ஏத்தம் பலமா கீது,” என்றார். இரண்டு மணிக்கு மூன்றாவதை நட்டபோது அவர் பேசவில்லை. மழை எங்களிடமும் வந்துவிட்டது. காடு கொஞ்சம் கொஞ்சமாக எங்களைச் சுற்றி நெருங்கி வருவது போலிருந்தது. மரம் நகராது என்று தெரிந்திருந்தும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். காலையில் எனக்கு மூச்சு கொடுத்த அதே இலைகள். நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் ஒரு பாய் அகலம் ஆகியிருந்தது.

தம்பி எழுந்துபோய்த் தண்ணீரில் விரல் நனைத்து நாக்கில் வைத்தான். எங்கள் ஏரியில் கடல் உள்ளே வந்திருக்கிறதா என்று அறிய நாங்கள் செய்வது அது. மறுபடி நனைத்தான், மறுபடி வைத்தான்.

“சித்தப்பா,” என்றான். “உப்பே இல்ல.”

“காட்டுத் தண்ணில உப்பு எப்டிடா இருக்கும்?”

“அதான் சொல்றேன். உப்பு இல்லாத தண்ணிக்கு வத்தம் ஏது? இது கடல் தள்ற தண்ணி இல்ல. மேல பெய்யற வரிக்கும் வந்துகினே இருக்கும்.”

சித்தப்பா மூன்றாவது குச்சியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

தம்பி அந்தப் பெண்ணிடம் திரும்பினான். “வேற வழி எதுனா கீதாம்மா?”

அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். “அக்காகிட்ட அப்பவே சொன்னேனே,” என்றாள்.

அவனும் என்னைப் பார்த்தான். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கரைக்குறி தேடுகிறவன் பார்க்கிற மாதிரி, நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினான். பிறகு துணி உறையை முழங்காலுக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

*

மரப்பாலத்தைக் கடந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. விடுதிக்கு வந்தால், மழையில் மலைப்பாதையில் இனி இறங்க முடியாது, செக்போஸ்டில் விடமாட்டார்கள் என்றார் வேன் டிரைவர். மறுநாள் காலை மற்ற மூவரும் அங்கேயே தங்க, நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். பாதி வழியில் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்தது. அதை அறுத்து எடுக்க மத்தியானம் ஆனது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் தம்பி மணி பார்த்தான். கோயம்புத்தூரில் கிடைத்த ரயிலில் ஏறி, முன்பதிவில்லாத பெட்டியில், கழிவறைப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தோம். சித்தப்பா தன் குச்சியை எங்கேயும் போடவில்லை. கேட்டால், “இருக்கட்டும்,” என்றார். தம்பி எனக்கு முதுகைக் காட்டிக் கதவுப் பக்கம் திரும்பியே நின்றான்.

வியாழன் விடிவதற்கு முன் சென்னையிலிருந்து கிளம்பிய முதல் மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டி, அனுப்பம்பட்டுக்கு வெளியே சிக்னலுக்கு நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கிழக்கு வெளுக்கிறது. பெட்டியில் நாங்கள் மூன்று பேரும் தூங்கி வழியும் ஷிப்டு ஆட்கள் சிலரும். மூடிய கதவு இல்லை, இறங்கி நடக்கலாம். நடந்து எங்கே போவது?

“ஏங்க்கா சொல்லல?” என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

பொய் ஒன்று தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

“பேரு பூட்டா நீ படகுக்கு வருவேன்னுதான்.”

சித்தப்பா காது கேட்காதவர் மாதிரி மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தார்.

“அந்தப் பேரு போவட்டும்னு நானே எத்தினி வாட்டி நெனச்சிகிறேன் தெரியுமா?” என்றான் தம்பி. “ஷிப்டுல நின்னுகினு நெனப்பேன். ஆனா அத்த நான்தான் உடணும்க்கா. நீ புடுங்கக் கூடாது.”

ரயில் நகர்ந்தது.

பொன்னேரியிலிருந்து ஷேர் ஆட்டோவை மூன்று பேருமாகப் பிடித்தோம். “ஜல்தி போப்பா,” என்று சித்தப்பா குச்சியால் கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தார். “இன்னா பெருசு, மாடா ஓட்றே?” என்றான் ஆட்டோக்காரன். ஏரிப் பாலத்தில் ஏறும்போது கடல் பக்கம் சிவந்துவிட்டது. பாலத்துக்கு அப்பால் மணல் ரோட்டில் ஆட்டோ நிற்பதற்கு முன்பே தம்பி குதித்து ஓடினான். நான் பின்னால் ஓடினேன். திரும்பிச் சூரியனைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் ஓடவும் பயம்.

ஏரிக் கரையில் பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அடுத்த முறைக்காரன் வலையோடு தயாராக இருந்தான். தம்பி யாரையும் பார்க்காமல், கம்பெனிப் பேன்ட்டோடு, காட்டில் கட்டிய அந்தத் துணி உறையோடு, நேரே தண்ணீருக்குள் போனான். முழங்கால் வரை போய் நின்றான்.

எல்லோரும் கடல் பக்கம் திரும்பினார்கள். சூரியன் முழுசாக வந்திருந்தது. ஆனால் அடிவிளிம்பு, பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு, இன்னும் தண்ணீரில் இருந்தது.

“ஒட்டிகினுதான் கீது,” என்றார் சித்தப்பா, மூச்சு வாங்க.

பெரியவர்களில் ஒருவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். “சரி. அவன் பாடுதான்.” அடுத்த முறைக்காரன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, “சாக்ஸ் மாட்டிகினு பாட்டுக்கு வந்த மொத ஆளு நீதான் மாமே,” என்றான். கரை சிரித்தது. தம்பிகூடச் சிரித்தான்.

வீட்டிலிருந்து நைனாவின் வலையைக் கொண்டுவந்து கொடுத்தோம். கழிகளை ஊன்றி வலையைக் கட்டினான். வத்தம் விழுந்து தண்ணீர் கடலுக்குத் திரும்பும்போது, அதோடு ஓடும் இறால் அந்த வலையின் வாய்க்குள் வரும். அதற்காகத்தான் இத்தனையும். கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றான்.

தண்ணீர் ஓடவில்லை.

நாங்கள் இல்லாத நாலைந்து நாளில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரு ஆள் தாண்டிக் குதிக்கும் அகலம்தான் மிச்சம் என்றார்கள். போதாததற்குச் சோம்பேறித் தண்ணீர் நாள் வேறு. அப்படி ஆகிற வருஷம் உண்டு. மழை வந்து உடைக்கும் வரை, இல்லை யாராவது வந்து தோண்டும் வரை, ஏரி தொட்டித் தண்ணீர் மாதிரி அப்படியே கிடக்கும். ஆனால் முறை முறைதான். இறங்கியவன் பொழுது சாயும் வரை ஏறக் கூடாது. ஏறினால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம்.

சித்தப்பா காட்டிலிருந்து கொண்டுவந்த குச்சியைத் தண்ணீர் விளிம்பில் நட்டுவிட்டு வீட்டுக்குத் தூங்கப் போனார். பெரியவர்கள் கலைந்தார்கள். வெயில் ஏறியது. நான் கரையில் குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கவிழ்ந்து கிடந்த எங்கள் படகு பின்னால் இருந்தது. அதன் நிழலுக்குப் போகலாம், போகவில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அவன் குனிந்து துணி உறையை அவிழ்த்து மேலே எடுத்தான். மடிப்புக்குள்ளிருந்து ஒரு அட்டை, இவ்வளவு தூரம் கூடவே வந்தது, தண்ணீரில் விழுந்தது. உப்பில் ஊறி ஏற்கெனவே சுருண்டு உருண்டையாகியிருந்தது, அப்படியே அமிழ்ந்தது. அது போன இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் எவ்வளவு வானம், எவ்வளவு தூரம், அவனுக்கு வேண்டிய அத்தனையும் இருந்தது. அவனால் ஒரு அடி நகர முடியாது.

மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டான்.

“க்கா. குச்சியப் பாரு. எறங்குதா?”

பார்த்தேன். காலையில் நனைந்த இடம் வரைதான் நனைந்திருந்தது. கொஞ்சம் எறங்குதுடா என்று சொல்லியிருந்தால் சாயங்காலம் வரை தெம்பாக நின்றிருப்பான்.

“இல்லடா,” என்றேன். “அப்டியே கீது.”

தலையாட்டினான். வலையின் கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்து, மறுபடி கட்டினான்.

“இப்பவாச்சும் சொன்னியே,” என்றான். சிரிக்கவில்லை. ஏறியும் வரவில்லை.